எழுபத்திரண்டு சோழர்கள், எழுபத்திரண்டு பாண்டியர்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த பிரிஸ்கில்லா அத்தை அவர்களுக்கு,

ஏற்காட்டிலிருந்து உங்கள் அண்ணன் மகள் அமலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தங்கை ஃபெபி, நான் எல்லோரும் சுகம். இந்தச் சுகம் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும்தான். சேலத்தில் உங்கள் சுகத்துக்காகவும் மாமாவின் முழங்கால் வலிக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். இனி நீங்கள் எனக்காக ஜெபிக்க வேண்டும்.

அப்பாவின் போன் அவர் சட்டைப் பையிலேயே தூங்குகிறது. அதனால்தான் கடிதம். எல்லோரும் தூங்கியபின் சமையல்கட்டில் அரிசி டப்பாவின் மேல் டார்ச்சைச் சாய்த்து வைத்து எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை, எழுத்தை மன்னிக்கவும்.

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வரவில்லை என்று, எட்டாம் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் எட்டுக் குழந்தைகளை ஒப்படைத்தார்கள். "மனப்பாடம் பண்ண வெக்காதீங்க கண்ணு, வரலாறா நடத்துங்க. ராசா படைய வரிசையா நிறுத்துனா பெருக்கல் தானா வந்துரும்" என்றார் ஹேமலதா டீச்சர். மற்றவர்கள் புளியங்கொட்டையைப் படையாக வைத்தார்கள். என்னிடம் வந்த மேக்ஸ்வெல் முதல் நாளே இரண்டு வீரர்களை மூக்கில் போட்டுக்கொண்டதால் நான் புளியங்கொட்டையை விட்டுவிட்டேன். குழந்தைகளையே வீரர்களாக நிறுத்திப் பார்த்தேன். இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு பேர், எட்டு. அதற்குமேல் ஆள் இல்லாமல் போர் நின்றுபோனது. பிரவீன், "ஏனுங்க அக்கா, எட்டுப் பேர வெச்சுக்கிட்டு நாட்டப் புடிக்க முடியுங்களா?" என்று கேட்டான். எனக்கு அவமானமாகிவிட்டது.

அப்போதுதான் அத்தை, எனக்கு எஸ்டேட் நாற்றங்கால் நினைவுக்கு வந்தது. அப்பா பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அதே நாற்றங்கால்தான். அங்கே பந்தலுக்குக் கீழே ஒரு மூலையில், பைகளில் வளர்த்த காப்பி நாற்று இரண்டு பாத்திகளாக இருக்கும். ஒவ்வொரு பாத்தியிலும் எட்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது பை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் எட்டுப் பேரையும் அங்கே கூட்டிப்போய், இடது பாத்தி சோழப்படை, வலது பாத்தி பாண்டியப்படை என்று அறிவித்தேன். வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் முதலில் சொல்லும் பக்கம் ஜெயிக்கும், தோற்ற பக்கம் ஒரு வரிசையைக் கைதியாகக் கொடுக்க வேண்டும். என் எட்டுப் பேரில் ஒருத்தியான நம் ஃபெபி சோழப்படைக்குத் தலைவி, பிரவீன் பாண்டியப்படைக்குத் தலைவன். ஃபெபி தோற்றால் அழுவாள், பிரவீன் தோற்றால் கடிப்பான் என்பதால் இருவரையும் மாறி மாறி ஜெயிக்கவிட்டேன். ஆறு போர் நடந்தது. கைதிகளைக் கடைசி வரிசையில் வைக்கலாம் என்றால் மேக்ஸ்வெல் விடவில்லை. "கடைசில நிறுத்துனா ஓடிப்போயிருவானுங்க அக்கா. நம்மாளுங்களுக்கு நடுவுல ஒவ்வொருத்தனா நிறுத்தோணும்." நல்ல யோசனையாகத் தெரிந்தது. அப்படியே நிறுத்தினோம்.

முடிவில் எண்ணிப் பார்த்தால் இந்தப் பக்கம் எழுபத்திரண்டு, அந்தப் பக்கம் எழுபத்திரண்டு. ஒன்பதாம் வாய்ப்பாடு எட்டுப் பேருக்கும் தண்ணீர்போல வந்தது. ஆனந்தத்தில் திரும்பியபோதுதான் பாத்திகளின் தலைமாட்டில் இருந்த குச்சிகளைப் பார்த்தேன். ஒன்றில் சிவப்புப் பெயின்ட், மற்றதில் வெள்ளை. அத்தை, அவை இரண்டும் வேறு வேறு ரகம். இலை ஒன்றுபோலவே இருக்கும். எந்தச் செடி எந்த ரகம் என்று சொல்ல அந்தக் குச்சியை விட்டால் வேறு வழி இல்லை. காய்க்க மூன்று வருடம் ஆகும். அப்போது நான் பதினொன்றாம் வகுப்பில் இருப்பேன், இருந்தால்.

சனிக்கிழமை ஓனர் ஜீப்பில் வந்து சிவப்புக் குச்சி நாற்றை மட்டும் கரடியூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் நட எடுத்துப்போகிறார். தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த இந்த வீடும் போய்விடும். தெரியாமல் இருக்கவும் வழியில்லை. மேக்ஸ்வெல் இன்று டீக்கடை வாசலில் நின்று, "ஒன்பதெட்டு எழுபத்திரண்டு, எல்லாம் லூர்து மாமா நாத்து!" என்று அப்பா பெயரையும் சேர்த்து ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஆறுமுகம் அவன் தலையைத் தடவி, "நொம்பக் கெட்டிக்காரன் சாமி" என்று மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ரைட்டர் காதுக்குப் போனது ஓனர் காதுக்குப் போன மாதிரிதான்.

நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் பூச்சி என்று நினைத்து அம்மா மருந்து கொடுத்தார்கள். அப்பாவும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று முகத்தைப் பார்ப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். இருவரும் குனிந்துகொள்வோம். அத்தை, அவர் உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். வெள்ளிக்கிழமைக்குள் இது கைக்கு வந்தால், சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி வாருங்கள். ஓனரிடம் என்ன சொல்வீர்களோ தெரியாது, நீங்கள் டீச்சர், எப்படியாவது சொல்வீர்கள். ஆனால் நான் எழுதியது எக்காரணம் கொண்டும் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. இது மாதா மேல் ஆணை.

மாமாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு என் முத்தங்கள், வாய்ப்பாடு மட்டும் வேண்டாம்.

கண்ணீருடன்,
அமலி

பின்குறிப்பு: தண்ணீர் குடிக்க எழுந்துவந்த அப்பா கடிதத்தை வாங்கி முழுவதும் படித்துவிட்டார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அரிசி டப்பா மேல் உட்கார்ந்து, "அந்தக் குச்சிய நம்பியா கண்ணு இத்தன நாளு பட்டினி கெடந்த?" என்றார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் போயிருந்த அன்று, காற்றும் மழையும் அடித்துப் பந்தல் சாய்ந்து, பைகள் எல்லாம் ஒன்றாக உருண்டு கிடந்தனவாம். அப்பா தனியாளாக அள்ளி அடுக்கி, குச்சிகளைக் குத்துமதிப்பாக நட்டாராம். "ரைட்டருகிட்டச் சொல்லலாம், சொல்லலாம்னே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு சாமி" என்றார். அப்பா அழுது நான் இன்றுதான் பார்த்தேன். நான் போரைத் தொடங்கும் முன்பே பாதிப் படை கட்சி மாறியிருந்திருக்கிறது.

சனிக்கிழமை ஓனரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது. தான் மட்டும் சொல்வதாக அப்பா சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வரிசை, வரிசைக்கு இரண்டு பேர். கடிதத்தை அப்பாவே தபாலில் போடுகிறார். நீங்களும் வந்தால் வரிசைக்கு மூன்று பேர் ஆவோம் அத்தை. முதல் பஸ்ஸை விட்டுவிடாதீர்கள் என்று எழுதச் சொன்னது அப்பா.