ஆட்டிப் பார்ப்பவர்

எங்கள் திருச்சியில் ஓர் இனம் உண்டு: ஆட்டிப் பார்க்கும் இனம். பெயிண்ட் ஈரம் என்று எழுதித் தொங்கவிட்ட சுவரில் விரலை வைத்து, ஈரம்தான் என்று உறுதி செய்துகொள்பவர்கள். நேற்று நட்ட ரோஜாக் கன்றைப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்து, அதே குழியில் திரும்ப வைத்து, நாளைக்கும் பிடுங்குபவர்கள். கன்று செத்தால்? நர்சரிக்காரருக்குத் திட்டு.

இந்த இனத்தின் திலகம் என் மாமா அழகிரி. மலைக்கோட்டை அடிவாரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். துணியைப் பிடித்துப் படக்கென்று இழுத்துக் காட்டாமல் விற்கமாட்டார். "இழுத்தாத்தாங்க தரம் தெரியும்."

அப்படிப்பட்டவருக்கு முன்பல் போயிற்று. தை மாதம் மகள் தேவதர்ஷினிக்குக் கல்யாணம். ஸ்ரீரங்கத்து மண்டப வாசலில் நின்று வாய் நிறையச் சிரித்து வரவேற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

டாக்டர் வஹீதா அவர் தாடை எலும்பில் சின்ன டைட்டானியம் திருகு ஒன்றை வைத்தார்.

"இப்ப இறுக்கமாத்தான் இருக்கும். ஆனா சுத்தியுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரைஞ்சு, புது எலும்பு வந்து திருகோட ஒட்டணும். மாசக்கணக்காகும். அப்புறம்தான் மேல பல். அதுவரைக்கும் அதை மறந்துடுங்க. ஆட்டினா எலும்புக்குப் பதிலா வெறும் சவ்வுதான் வளரும்."

மறப்பதா? கல்லாவில் உட்கார்ந்தால் நாக்கால் தள்ளுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் விரலால் நெம்புவார். சாமி கும்பிடும்போது, தான் கண்ணை மூடியிருப்பதால் யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், இரண்டாலும்.

"அப்பா, கையை எடுங்க."

"பிடிச்சிருக்கான்னு பாக்குறேம்மா."

"நீங்க பாக்குறதுனாலதான் பிடிக்கல."

ஐப்பசியில் திருகு ஆடியது.

"எப்பலேர்ந்து ஆடுது?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்து காலைல ஆடலைங்களே."

"அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

திருகு வெளியே வந்தது. குழி ஆற வேண்டும், மறுபடி வைக்க வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கென்று கழற்றி மாட்டும் பல் ஒன்று கொடுத்தார்கள். உறுதியாக இருக்கிறதா என்று அதையும் சோதித்தார். இல்லை, உடைந்தது.

மண்டப வாசலில் உதட்டை இறுக மூடிக்கொண்டே எல்லாரையும் வரவேற்றார். ஆல்பத்தில் மாப்பிள்ளையைப் பிடிக்காதவர் போலவே இருக்கிறார். சம்பந்தி வீட்டில் இன்றும் அதற்குக் காரணம் கேட்கிறார்கள்.

நீங்கள் அப்படியில்லை, பொறுமைசாலி. தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: திருகு என்று நான் சொன்னதிலிருந்து உங்கள் நாக்கு எந்தப் பல்லைத் தள்ளிக்கொண்டிருக்கிறது?