ஒண்ணா, எல்லா?

கதிர்காமக் கந்தனை வேண்டித் தொடங்கிய காரியம் கெட்டுப்போனால் குற்றம் கந்தனுடையது அல்ல, என் விரலுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. ஸ்பிரிங்வெளி தோட்டத்து ஆபிஸில் நான் டைப்பிஸ்ட். பதுளை டவுனில் ஒரு மாடி அறையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திய ரஷீத் சேர் தட்டச்சுக்கு ஆள் தேடினார். ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்து, "இதுல உள்ள கர்னலை அடிச்சுத் தாங்க தம்பி. வெள்ளிக்கிழமை ஓடினா வேலை உங்களுக்கு" என்றார். (கர்னல் என்றதும் யாரோ பட்டாளத்துக்காரர் என்று நினைத்தேன். கொம்பியூட்டரையே இயக்கும் அடிப்படை நிரலாம்.)

டவுனில் வேலை என்றால்தான் பூனாகலை மாமா தன் மகள் செல்வியைத் தருவார். ஆகவே வகுப்புக் கொம்பியூட்டரில் அடித்து முடித்ததும் கந்தனை நினைத்துத் திரைக்கு விபூதிப் பட்டை போட்டேன்.

வெள்ளிக்கிழமை, வேலை இடத்தைப் பார்க்க மாமாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரு இதுக்குப் பட்டை போட்டது?" என்று சேர் திரையைத் துடைத்தார்.

"கண்ணு பட்டுறக் கூடாதுன்னு சேர்..."

ஓட்டினார். பதினேழு வரியில் பிழை என்றது கொம்பியூட்டர். பதினேழையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தோம், எல்லாம் சுத்தம். மாமா தொண்டையைச் செருமினார். "சாதகத்துல கூட இத்தனை தோஷம் இல்லையே!"

சேருக்கு ஏதோ தட்டியது. "பிழை அங்க இல்ல தம்பி. மேல ஹெடர்ல ஒரு மேக்ரோ ஈக்குது. ஒரு பேருக்கு இதுதான் பெறுமதின்னு அங்க ஒருக்கா எழுதினா, கீழ அந்தப் பேர் வார இடமெல்லாம் அதுதான் போய் நிக்கும். வாசிங்க."

அடித்ததை அடித்தபடியே வாசித்தேன். "எல், ஓ, ரெண்டு, நாலு."

"என்ன எல்லு? ஆயிரத்து இருபத்துநாலு!"

"ஒண்ணுக்கு எல்லுதானே சேர் அடிக்கணும்?"

(தோட்டத்து டைப்ரைட்டரில் ஒன்றுக்கும் சைபருக்கும் விசையே கிடையாது. சின்ன எல்லும் பெரிய ஓவும்தான். துரையின் கடிதமெல்லாம் அப்படித்தான் போயின. யாரும் ஒரு குறை சொன்னதில்லை.)

சேர் தலையில் கை வைத்தார். "இதுல ஒண்ணுக்கு வேற கீ ஈக்குது! நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணா, எல்லா?"

நல்லவேளை, ஒன்றும் சைபரும் வந்தது அந்த ஒரு வரியில் மட்டும்தான். இரண்டே தட்டு. பதினேழும் மறைந்து, பிழை 0 என்று வந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அது சைபரா மாப்பிள்ளை, ஓவா?"

மாப்பிள்ளை! அதுவரை என்னைத் 'தம்பி' என்றுகூட அழைக்காதவர். (முருகா!)

சேர் இன்று இல்லை. அந்த மாடியில் இப்போது துணிக்கடை. ஆனாலும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால், செல்வி ரொட்டித் தட்டை நீட்டிக் கேட்பாள்:

"ஒண்ணா, எல்லா?"

"எல்லாம்" என்பேன்.