சைரன் அழுத்துநர் பணியிடம் காலி

வானத்திலிருந்து ஜந்துக்கள் இறங்கி ஊரைத் தின்ன ஆரம்பித்த வாரத்திலும் நகர அலுவலகம் வழக்கமான நேரத்துக்கே திறந்தது. அதாவது, பலகையில் எழுதியிருந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து. எப்பேர்ப்பட்ட நெருக்கடியிலும் தன் பழக்கத்தில் இம்மியும் மாற்றம் செய்யாத அலுவலகம் அது என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்ள வேண்டும்.

ஜந்துக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எருமை அளவு உடம்பு, ஆறு கால், ஓடு போர்த்திய முதுகு. முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்க வாய். கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லை. அசைவது எல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு. அசையாதது எல்லாம் கல்.

வந்த முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. அலுவலக மாடியில் தினமும் மதியம் அலறும் சைரன் அன்றும் அலறியது. அலறிய மாத்திரத்தில் ஊரிலிருந்த அத்தனை ஜந்துக்களும் மரவட்டை மாதிரி சுருண்டு படுத்துவிட்டன. ஜனங்கள் வெளியே வந்து காய்கறி வாங்கினார்கள். சைரன் நின்றது. ஜந்துக்கள் விரிந்தன. காய்கறியோடு சேர்த்துச் சாப்பிட்டன.

மறுநாளே அலுவலகம் உரிய நடவடிக்கை எடுத்தது. 'சைரன் ஒலியினால் பொதுமக்களிடையே தேவையற்ற பதற்றம் ஏற்படுவதாகத் தெரிய வருவதால்' சைரனை நிறுத்திவிட்டார்கள்.

பஞ்சர்க்காரருக்கு அந்த அலுவலகத்தின்மேல் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. கடை வாசலில் ஒரு விளக்குக் கம்பம் நடச் சொல்லி வருஷக்கணக்கில் நடந்தார். 'அவ்விடத்தில் விளக்கு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவர் இருட்டில் நின்றுதான் வாங்கினார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

அப்படிப்பட்டவர் இன்று காலை வலதுகால் முட்டியை இழுத்துக்கொண்டு அங்கேதான் ஓடினார். காரணம், அவருடைய மனைவி. கடைக்குள் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த குவியலின் உச்சியில் அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்திருந்தாள். கீழே மூன்று ஜந்துக்கள் நின்று டயரை ருசி பார்த்துக்கொண்டிருந்தன.

"மரம் மாதிரி நிக்காம எதாவது செய்யுங்க," என்றாள் மேலேயிருந்து.

பஞ்சர்க்காரர் செய்தார். சைரனை ஊதச் சொல்ல அலுவலகத்துக்கு ஓடினார். கையிலிருந்த டயர் நெம்பும் இரும்புக் கம்பியைக் கீழே போடக்கூட மறந்துபோய் ஓடினார். அவர் பிழைத்ததற்கு அந்த முட்டி வலிதான் காரணம். தெருவில் அவரைவிட வேகமாக ஓடியவர்கள் எல்லாரும் அவரைவிட அதிகமாக அசைந்தார்கள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் அசந்துபோனார். உள்ளே ஒரு ஜந்து சாவகாசமாக உலாத்திக்கொண்டிருந்தது. பெஞ்சுகளில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஜன்னலுக்குப் பின்னாலிருந்த ஊழியர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் அம்மாவின் கை முத்திரைக் கட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காலையில் கிளம்பிய கை. இன்னும் பாதி தூரம் இருந்தது. அந்த வேகத்தை எந்தக் கிரகத்து ஜந்துவாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பஞ்சர்க்காரர் மிரண்டுபோய்க் கம்பியை நழுவ விட்டார். அது தரையில் 'டணங்' என்று விழுந்தது. ஜந்து திடுக்கிட்டுப் பாதி சுருண்டது. பிறகு ஒன்றும் கேட்காததால் மறுபடி விரிந்தது.

"இது ஆபீஸ். சத்தம் போடாதீங்க," என்றாள் ஜன்னல் அம்மா, உதடு அசையாமல். அந்த அலுவலகத்தில் எப்போதுமே அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் அவளுக்கு இது சிரமமாக இல்லை. "டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

"அம்மா, உயிர் போற விஷயம்."

"இங்க எல்லாருக்கும் உயிர் போற விஷயந்தான். உக்காருங்க."

அவர் கம்பியை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் ரொட்டிக்கடைக்காரர். மறுபக்கம் வெள்ளை ஜிப்பா போட்ட பயிற்சியாளர். போன மாதம் வரை விடியற்காலையில் ஊரையே ஓட வைத்து, ஓடினால்தான் ஆயுள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது 'அசைவற்ற வாழ்வு' என்று புதிய வகுப்பு ஆரம்பித்திருந்தார். பணக்கார வீட்டு அம்மாக்கள் எல்லாம் அதில் சேர்ந்து, காலையிலிருந்து மாலைவரை ஒன்றுமே செய்யாமலிருக்கக் கட்டணம் கட்டினார்கள்.

"உங்க தோள்ல இறுக்கம் தெரியுது," என்றார் பயிற்சியாளர் கிசுகிசுப்பாக. "உள்ளேயும் அசையக் கூடாது. மனசையும் நிறுத்தணும்."

"என் பெண்டாட்டி டயர் மேல உக்காந்திருக்கா, சாமி."

"அதான் உள்ளசைவு. வகுப்புக்கு வாங்க. இந்தாங்க, நம்ம கார்டு."

ஜிப்பாப் பையிலிருந்து கார்டை எடுக்கப் பயிற்சியாளர் கையை உயர்த்தினார். ஜந்து ஒரே தாவலில் வந்தது. கார்டு மட்டும் மிச்சமானது.

"வரிசையில ஒரு ஆள் குறைஞ்சுது," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அதனால் பஞ்சர்க்காரரின் முறை சீக்கிரமே வந்தது. நத்தை வெட்கப்படும் வேகத்தில் நகர்ந்து, வெகு நேரம் கழித்து ஜன்னலை அடைந்தார். உள்ளே அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து மேசையில், சிவப்பாக, கொழுக்கென்று, சைரன் பொத்தான். அதன் முன்னால் ஒரு காலி நாற்காலி.

"சார், சைரனைக் கொஞ்சம் ஊதச் சொல்லுங்க. என் வீட்டுக்காரி மாட்டிக்கிட்டா. கீழ மூணு நிக்குது."

"என்னது நிக்குது?"

"ஜந்து சார். உங்க கூடத்துலயே ஒண்ணு சுத்துதே."

"அது என்னன்னு இன்னும் முடிவாகலை. மதியத்தை விட்டா சைரன் தீக்கும் வெள்ளத்துக்கும் மட்டும்தான். இது எதுல வருது?"

"ஆளைத் தின்னுது சார்."

"தின்னா சுகாதாரப் பிரிவு. நாலு கால் இருந்திருந்தா தெருநாய்ப் பிரிவுல சேர்த்திருப்பேன். ஆறு கால்."

"அப்ப நாலு காலுக்கு மட்டும் நடவடிக்கை எடுங்க சார். மிச்ச ரெண்டை நாங்க பார்த்துக்கறோம்."

அதிகாரி இதை மனப்பூர்வமாக யோசித்தார். "முடியாது. மிச்ச ரெண்டு கால் பாதசாரிக் கணக்குல போயிடும். பாதசாரி மேல நாங்க கை வைக்கக் கூடாது."

"சார், கையை நீட்டினா பொத்தான். அமுக்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் அமுக்கக் கூடாதுங்க. அதுக்குன்னு சைரன் அழுத்துநர்னு ஒருத்தர் இருக்கணும். முதல் நாளே டீ குடிக்க வெளிய போனார். இன்னும் வரலை."

"வரமாட்டாருங்க சார்."

"அது எங்களுக்கும் தெரியும். பணியிடம் காலியாத்தான் இருக்கு." அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்த்து முடிக்க வெகு நேரம் ஆனது. "முட்டி வலிங்களா? நடக்கச் சிரமமா இருக்குமே?"

"ரொம்ப சார்."

"நல்ல தகுதி. தற்காலிகமா உங்களையே போடலாம். உள்ள வந்து உக்காருங்க."

பஞ்சர்க்காரர் அதே நத்தை வேகத்தில் உள்ளே போய் உட்கார்ந்தார். அது சக்கரம் வைத்த, மெத்தை போட்ட நாற்காலி. வாழ்நாளெல்லாம் தரையில் குந்தி டயர் கழற்றியவர் அவர். உட்கார்ந்ததும் முட்டி வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. விரலை மெல்ல நீட்டினார். பொத்தானுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம், அவ்வளவுதான் தூரம்.

"பொறுங்க," என்றார் அதிகாரி. "நிறுத்தி வெச்ச உத்தரவை எடுத்தாலும் மதியம்தான் அமுக்கணும். இன்னிக்கு மதியம் தாண்டிடுச்சு."

"சார், என் வீட்டுக்காரி..."

"பொதுமக்கள் கேட்டா இதைத்தான் சொல்லணும். நீங்க இப்ப பொதுமக்கள் இல்லை."

பஞ்சர்க்காரர் பல்லைக் கடித்தார். இந்தாள் பேச்சை யார் கேட்பது, அமுக்கிவிட வேண்டியதுதான் என்று சத்தியமாக நினைத்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார்," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

பஞ்சர்க்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அவரைப் பார்த்தார். கூப்பிட்டது பஞ்சர்க்காரரைத்தான். அவரை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. 'யோவ்' என்பார்கள், காற்று இறங்கிய வண்டியோடு வந்தால் 'அண்ணே' என்பார்கள்.

"சார், சைரன் எப்ப சார் ஊதுவீங்க?"

விரல் அங்கேயே நின்றது. உடனே ஊதிவிட்டால் இதைக் கேட்க இன்னொருவர் வருவாரா என்று ஒரு யோசனை, கொசு மாதிரி வந்து உட்கார்ந்தது. மனைவி நல்ல உயரத்தில்தான் இருக்கிறாள். டயரும் நல்ல கம்பெனி டயர்.

"பார்க்கலாம்," என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து உதடு அசையாமல் வந்தது. ஜன்னல் அம்மா அவரை மரியாதையோடு பார்த்தாள். அடுத்து வந்தவரிடம், விதிமுறை என்று ஒன்று இருக்கிறதே என்றார். அதற்கடுத்தவரிடம் ஒன்றுமே சொல்லாமல் கூரையைப் பார்த்தார். அதிகாரியே மெச்சிக்கொண்டார்.

அப்படி எவ்வளவு நேரம் போனதோ, தெருக்கோடியில் 'டங் டங் டங் டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. சத்தம் நெருங்கி வந்தது. கூடத்தில் உலாத்திய ஜந்து வாசற்படியில் சுருண்டு விழுந்தது. அதைத் தாண்டிக்கொண்டு பஞ்சர்க்காரரின் மனைவி உள்ளே வந்தாள். இடுப்பில் கிரீஸ் டப்பா, கையில் ஸ்பேனர். வழியெல்லாம் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். பின்னால் தெருவே திரண்டு வந்து நின்றது.

ஜன்னல் முன்னால் வந்து நின்று, அடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். "ஏங்க, இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

பஞ்சர்க்காரர் கூரையைப் பார்த்தார்.

"கையில இரும்பு இருந்துச்சு. காலடியில டப்பா இருந்துச்சு. நாலு தட்டுத் தட்டியிருந்தா நான் அப்பவே இறங்கியிருப்பேன். கடைசியில மேல மாட்டியிருந்த ஸ்பேனரால கூரைத் தகரத்தைத் தட்டிட்டு நானே இறங்கி வந்தேன். அதை விட்டுட்டு ஆபீசுக்கு ஓடியிருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

கூடமே பஞ்சர்க்காரரைப் பார்த்தது. அவர் மடியில் கம்பி கனத்தது. அதை மெல்லக் கீழே இறக்கி, காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

"இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். எல்லாரும் ஆளுக்கொரு டப்பா எடுத்தா போதும், ஊரை விட்டே துரத்திடலாம். எழுந்து வாங்க."

அதிகாரி பக்கத்திலிருந்து முணுமுணுத்தார். "அனுமதி இல்லாம சத்தம். உங்க பிரிவுதான். நீங்கதான் கேட்கணும்."

பஞ்சர்க்காரருக்கு நாற்காலியின் மெத்தை உறைத்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கட்டிய நாளிலிருந்து 'ஏய்' என்பதற்கு மேல் ஒரு மரியாதையும் கொடுத்துக் கூப்பிடாத மனைவியிடம் சொன்னார்.

"அம்மா, இது ஆபீஸ். சத்தத்தை நிறுத்திட்டு, டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

அவர் அவளிடம் 'அம்மா, உக்காருங்க' என்று சொன்னதில் அந்த அம்மாளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஸ்பேனர் அந்தரத்தில் தொங்கியது.

டங் டங் நின்றது.

வாசற்படியில் ஓடு உரசும் சத்தம் கேட்டது. தெருவெங்கும் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின. கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அவளும் தூக்கிய கையோடு சிலையாக நின்றாள். டப்பாவை ஒரு தட்டுத் தட்டினால் போதும். தட்டுவதற்குக் கை அசைய வேண்டும். அந்த முதல் அசைவை யார் அசைவது என்பதில் யாருக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. எல்லாரும் மற்றவரை எதிர்பார்த்தார்கள். கண்கள் மட்டும் அவள் கையிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து சிவப்புப் பொத்தானுக்கு, பொத்தானிலிருந்து பஞ்சர்க்காரரின் விரலுக்குப் போய் நின்றன. எலுமிச்சம்பழ தூரம்.

ரொட்டிக்கடைக்காரர் உதடு அசையாமல் கூப்பிட்டார்.

"சார்."

ஜந்து அந்த அம்மாளின் முழங்கைப் பக்கம் முகர்ந்துகொண்டிருந்தது. இப்போதாவது ஒருவர் கேட்கிறாரே என்று அவள் கண்ணில் ஒரு துளி நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

"சார், என் பையனும் படிச்சிட்டு சும்மாதான் இருக்கான். ஒரு வேலையும் செய்ய மாட்டான். இங்க வேற எதாவது இடம் காலி இருக்கா சார்?"

அவருக்குப் பின்னால் நின்ற தெரு முழுவதும் பதிலுக்குக் காது கொடுத்தது.

"மதியத்துக்கு மேல வாங்க," என்றார் பஞ்சர்க்காரர்.