கதவுக்குப் பின்னாலிருந்து பதிவு செய்த பாட்டு

குழுவில் எனக்கென்று ஒரு மரியாதை வேண்டும் என்று இந்தக் குளிர்காலத்தில் முடிவெடுத்தேன்.

ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் நண்பர்கள் நாங்கள். பொழுது சாய்ந்ததும் கைபேசியில் கூடுவோம். அல்மாட்டி நகரத்துத் தொக்தார் பின்னோக்கி ஓடும் கடிகாரத்தைப் படம் பிடித்துப் போடுவான். ஹுஜந்த் நகரத்து ஃபைசுல்லோ யாரும் கேட்டிராத பாட்டுகளைத் தோண்டி எடுத்து அனுப்புவார். ஓஷ் நகரில் மின்சார மீட்டர் பார்க்கும் என்னிடம் என்ன அதிசயம் இருக்கும்? ஒருமுறை ஒட்டிப் பிறந்த உருளைக்கிழங்கைப் போட்டேன். "வேகவச்சியா, வறுத்தியா?" என்று கேட்டார்கள். அத்தோடு சரி.

அதனால் எங்கள் ஊர் மூன்று தந்தி வாத்தியமான கொமுஸை எடுத்து மீட்டி, பதிவு செய்து அனுப்பினேன். தொக்தார் குரல் செய்தியே அனுப்பினான்.

"சகின், பின்னாடி யாருப்பா பாட்டு முனகுறது? மனசை என்னமோ பண்ணுதே."

ஃபைசுல்லோ எழுதினார்: "தந்தியை நீ கொஞ்சம் சும்மா விட்டிருந்தா இன்னும் நல்லாக் கேட்டிருக்கும்."

முனகியது என் மனைவி மவ்லுதா. சமர்கந்துக்காரி. அடுக்களையில் மன்டிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே சொல்லியிருக்கலாம். "மலைக்கிராமத்துப் பாடகி. அபூர்வமான பதிவு. நிறைய வச்சிருக்கேன்" என்று எழுதிவிட்டேன்.

கறி வைத்து அந்தக் கொழுக்கட்டைகளை மடிக்கும்போது மட்டும்தான் அவள் முனகுவாள். ஆகவே தினமும் மன்டி கேட்டு, கதவுக்குப் பின்னால் நின்று பதிவு செய்து அனுப்பினேன். குழுவில் என் மதிப்பு கூடியது. கூடவே கொழுப்பும்.

"ஏங்க, நேத்தும் இதுதானே?"

"உன் கைமணம் அப்படி."

"கல்யாணமாகிப் பதினைஞ்சு வருஷம். இப்பத்தான் மூக்குக்கு எட்டுச்சா?"

ஒருநாள் வெறும் முனகலாக இல்லாமல் சொற்களோடு பாடினாள். அவள் தாய்மொழி தாஜிக். எனக்கு அதில் 'சாப்பிடு', 'போதும்' இரண்டும்தான் தெரியும். "காதலனைப் பிரிந்த பெண்ணின் புலம்பல்" என்று எழுதி அனுப்பினேன்.

ஃபைசுல்லோ, "ரெண்டு தடவை கேட்டேன்" என்று மட்டும் எழுதினார்.

"அண்ணே, உங்க மொழிதானே? பொருள் சொல்லுங்க" என்றான் தொக்தார்.

"சகின், சொல்லட்டுமா?"

"தாராளமா."

அவர் எழுதினார்: "கதவுக்குப் பின்னாடி நிக்கிறவரே, கால் வலிக்கலையா? உம்ம வயிறு இந்தப் பக்கம் தெரியுது. பதினைஞ்சு வருஷமா இந்த வீட்டிலதான் பாடுறேன். அது பாட்டுன்னு அல்மாட்டிக்காரர் சொல்லித்தான் உமக்குத் தெரியணுமா? நண்பர்களே, என்னைக் கூப்பிடுங்க. நேராவே பாடுறேன்."

அன்று தொக்தாரின் குரல் செய்தியை வீடு அதிர வைத்துக் கேட்டவன் நான்தான்; அவள் காதிலும் விழுந்திருக்கிறது. குழுவில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அடுக்களைக்குப் போனேன். அவள் நிமிரவில்லை.

"பொருள் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. நீ நல்லாப் பாடுற, மவ்லுதா."

"இதையும் அவங்கதான் எழுதிக் குடுத்தாங்களா?"

அப்படியே குழுவை அழைத்தேன். கைபேசியை நீட்டினேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

அவள் அடுக்களையிலிருந்து குழுவுக்குப் பாடியதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டேன். முழுப்பாட்டு. ஒரு சொல்லும் புரியவில்லை. எழுந்து போகவும் மனம் வரவில்லை. இத்தனை வருஷம் இதைத்தான் பாத்திரச் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

விளக்கை அணைக்க வந்தவளிடம் மெல்லக் கேட்டேன்.

"என்னைப் பத்தி யாராவது விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்க. தூங்கிட்டீங்களான்னு. ஆமான்னேன். அப்பாடான்னு சொல்லி, இன்னொண்ணு பாடச் சொன்னாங்க."