டிபன் டப்பாவின் சாட்சி

“நான் வேலை கத்துக்கொடுத்தவங்க எல்லாம் எனக்கே மேலதிகாரி ஆயிட்டாங்க. மீட்டிங்ல டீ ஊத்துறது மட்டும் இன்னமும் நான்தான். இந்தத் தடவை சூப்பர்வைசர் வேலையை நான் விடறதா இல்லை!”

மனைவி சொன்னதை வார்த்தை பிசகாமல் மூக்கால் பேசிக் காட்டினார் ஸ்டோர்கீப்பர். “ஏம்மா, டீ ஊத்துறது ஒரு குறையா? உன் கை மணம் அப்படி!”

“அப்போ உங்க கையில என்ன, நாத்தமா?”

இருவருக்கும் ஒரே குடைக் கம்பெனி. தைத்து வரும் குடைகளை விரித்துப் பார்த்து, தேறாததைத் தூக்கி எறிவது அவள் வேலை. துணிக்கும் கம்பிக்கும் காவல் அவர். அந்த நாற்காலி அவளுக்குக் கிடைத்தால் ஸ்டோரும் அவளுக்குக் கீழே வந்துவிடும். வீட்டில் அடங்கி நடப்பது வேறு. அதை யாரும் பார்ப்பதில்லை. நாலு பேர் பார்க்க எழுந்து நின்று ‘குட் மார்னிங் மேடம்’ சொல்வதா? அதற்குக் கம்பெனிக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து குதித்துவிடலாம்.

மறுநாள் மேனேஜர் அறைக்குள் பூனை மாதிரி நுழைந்தார்.

“சார், என் வீட்டுக்காரி கெட்டிக்காரிதான். ஆனா இன்டர்வியூல ஒண்ணு கேளுங்க. வேலை முடிய லேட்டானா வீட்டை யார் பாத்துப்பாங்கன்னு. பாவம், பதில் வராது.”

“பொம்பளைங்ககிட்ட அதைக் கேக்காம விடுவோமாய்யா?”

இன்டர்வியூ அன்று விடவில்லை. அவளுக்கு முன்னால் போன ஆண்களிடம் மட்டும் கேட்கவில்லை. அவர்களுடைய வீடுகள் தம்மைத் தாமே பெருக்கித் துடைத்துக்கொள்ளும் ஜாதி போலிருக்கிறது.

ஸ்டோர்கீப்பர் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

“லேட்டாகுமேம்மா. வீட்டுல சமையல்?”

“அவர்தான் சார் பண்றார்.”

வெளியே அவருக்குப் புரையேறியது.

“யாரு, நம்ம ஸ்டோரா?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே சார்! தினமும் அவர் டப்பாவுல கை விடறீங்க. உருளைக்கிழங்கு வறுத்தது யாருன்னு சொன்னார்?”

சொல்லித்தான் இருந்தார். அவள் விடிகாலையில் எழுந்து வறுத்ததை, ‘எல்லாம் என் கைப்பக்குவம் சார். அவளை அடுப்புப் பக்கமே விடறதில்லை’ என்று பல வருஷமாக அளந்து, பாராட்டைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டவர். அங்கே அளந்தது அவள் காதுக்கு எப்போதோ வந்துவிட்டது. சமயம் வரட்டும் என்று சும்மா இருந்தாள்.

“ஸ்டோர், உள்ள வாய்யா! சமைக்கிறது நீதானே? இல்ல, இத்தனை நாளா என்கிட்டயே புளுகினியா?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியை ரசித்துக்கொண்டிருந்தாள்.

“நான்... நான்தான் சார்.”

“அப்புறமென்ன கவலை? வாழ்த்துக்கள் மேடம்! இந்தச் சந்தோஷத்துக்கு ஆளுக்கொரு டீ...”

“அதையும் அவரே ஊத்துவார் சார். கை மணம் அப்படி.”

அடுத்த திங்கட்கிழமை காலை. மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

“மேனேஜர் உருளைக்கிழங்கை ஆசையா எதிர்பார்ப்பார். கருக விட்டுடாதீங்க.”

கதவு சாத்தப்பட்டது. அடுப்படியிலிருந்து புகையும், புகைக்கு நடுவே ஒரு குரலும் வந்தன.

“ஏம்மா... இல்ல, மேடம்! உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயேன்!”