முப்பத்தொரு பாகைத் தடாகமும் இரண்டு தீயணைப்பு வண்டிகளும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு காரியம் நடக்காது என்று யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால், அதை நடத்திக் காட்டும்வரை எனக்குச் சோறு இறங்காது. அந்தக் காரியம் எனக்குத் தேவையா இல்லையா என்றெல்லாம் யோசிக்க மாட்டேன். (என் மனைவி சுகந்தி இதை விசர் என்பாள். நான் உறுதி என்பேன்.) ஆறு வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றதற்கு இந்தக் குணம்தான் முழுக் காரணம்.

டுசல்டோர்ஃப் நகரத்தின் ஓரத்தில், சின்னத் தோட்டத்தோடு ஒரு வீடு எங்களுடையது. அந்தக் கோடையில் தோட்டத்துக்குள் ஒரு நீச்சல் தடாகம் பூட்டினோம். நிலத்தைத் தோண்டிக் கட்டும் பணக்காரத் தடாகமல்ல. இரும்புத் தகட்டை வளைத்து நிறுத்தி, உள்ளே நீல விரிப்பைப் போட்டுத் தண்ணீரை நிரப்புவது. ஏறி இறங்க ஒரு ஏணி, பக்கத்தில் நிற்க ஒரு மரத்தட்டு. ஆறு மீற்றர் நீளம்.

அது சுகந்திக்காக வாங்கியது. அவள் ஒரு சிறுவர் பாடசாலையில் உதவியாளராக இருந்தாள். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தருவார்களா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் வேலை. அந்த வருடம் தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, "நீச்சல் சான்றிதழ் எடுத்தால், பிள்ளைகளைக் கிழமைக்கொரு தடவை நீச்சலுக்குக் கூட்டிப்போகும் வேலையை உனக்குத் தரலாம், நிரந்தரமாக" என்றிருக்கிறார். முதற்படி, சின்னப் பிள்ளைகள் எடுக்கும் கடற்குதிரைச் சின்னம். இருபத்தைந்து மீற்றர் நிற்காமல் நீந்த வேண்டும். சோதனை ஒக்டோபர் மூன்றாம் கிழமை. சுகந்தியோ நாற்பது வயதுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டவளல்ல. புதன்கிழமைகளில் வளர்ந்தோருக்கான நீச்சல் வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில் பயிற்சி.

வீட்டுப் பயிற்சியாளர் நான். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு, "காலை அடியும்! கையை விரியும்! பயப்பிடாதையும்!" என்று கத்திக் கத்தி விசில் ஊதுவேன்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நீந்தத் தெரியாது. கலியாணம் பேசிய காலத்தில் தொலைபேசியில் என்ன கதைப்பது என்று தெரியாமல், "நான் பருத்தித்துறைக் கடலிலை வள்ளத்துக்குப் போட்டியா நீந்தினவன்" என்று ஒரு நாள் அளந்துவிட்டேன். சுகந்தி அதை நம்பிவிட்டாள். பிறகு எப்போது உண்மையைச் சொல்வது? முதலிரவிலா? பிள்ளை பிறந்த அன்றா? சொல்லாமலே பதினைந்து வருடங்கள் ஓடிவிட்டன. "நீங்களும் இறங்குங்கோவன்" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம், "காதுக்குள்ளை தண்ணி போனா எனக்கு ஏலாது" என்று பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன்.

செப்ரெம்பர் நடுவில் தண்ணீரின் வெப்பம் பதினேழு பாகைக்கு இறங்கியது. சுகந்தி நாலே நிமிடத்தில் உதடு நீலமாகி வெளியே வந்தாள்.

"இனி ஏலாதப்பா. பல்லுக் கிட்டுது. அந்த வேலை வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன்" என்றாள். துவாய்க்குள் சுருண்டுகொண்டுதான் அதைச் சொன்னாள்.

அதே நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அயலவர் ஹெர் லோமன் தலையை நீட்டினார். ஓய்வுபெற்ற மனிதர். தன் தடாகத்தை இறைத்துக் காயவிட்டிருந்தார். "இந்த வருடத்துக்கு இவ்வளவுதான். ஒக்டோபரில் இங்கே எவனும் நீந்த மாட்டான். கேட் நிஷ்ட்" என்றார்.

கேட் நிஷ்ட் என்றால் நடக்காது. போதாதா எனக்கு!

நான் வேலை செய்வது உறைந்த மீன் வைக்கும் களஞ்சியத்தில். பகல் முழுவதும் மைனஸ் இருபதில் பெட்டி அடுக்குகிற எனக்குக் குளிரைப் பற்றித் தெரியாதது இல்லை என்று நினைத்தேன். அடுத்த நாளே கட்டடப் பொருட்கடைக்குப் போய் நூறு மீற்றர் கறுத்த ரப்பர்க் குழாய் வாங்கி, கராஜ் கூரையில் பெரிய முறுக்குப் பிழிந்ததுபோல் சுற்றி வைத்தேன். தண்ணீர் அதற்குள் ஓடி வெயிலில் சூடாகித் தடாகத்துக்குத் திரும்ப வேண்டும். மத்தியானம் பம்பைப் போட்டுவிட்டு, குழாயின் வாயில் கையை வைத்தேன். அம்மாடி! முதல் வந்த தண்ணீரில் தேத்தண்ணி போட்டிருக்கலாம். கையை உதறிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஓடினேன். சந்தோஷத்தில் பாதி, நோவில் பாதி. ஆனால் ஒரு வாளி சுடுதண்ணீர் வந்து முடிந்ததும் பழைய குளிர்தான் வந்தது. மாலைக்குள் தடாகம் ஒரேயொரு பாகை ஏறியது. இரவோடு அதுவும் இறங்கிவிட்டது.

பிறகு தடாகத்தின் சுவரைச் சுற்றித் தடித்த நுரைப்பலகை கட்டினேன். பலகை முடிந்த இடத்தில் வீட்டிலிருந்த மூன்று குளிர்காலப் போர்வைகளைச் சுற்றினேன். ஹெர் லோமன் வந்து பார்த்துவிட்டு, "தடாகத்துக்குச் சுகமில்லையா?" என்று மிக அக்கறையாக விசாரித்தார்.

சூடு போவது பக்கத்தால் அல்ல, மேலால்தான் என்பதைக் கண்டுபிடித்தவள் பதின்மூன்று வயதான மகள் ஆரணி. "அப்பா, சோத்துப் பானைக்கு மூடி போடாமல் பானையைச் சுத்திச் சீலை கட்டியிருக்கிறியள்" என்றாள். குமிழ் குமிழாக இருக்கும் நீலப் பிளாஸ்ரிக் போர்வை ஒன்றை வாங்கித் தண்ணீருக்கு மேலே விரித்தோம். அன்று ஏறிய சூடு மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தது. நான் ஆரணியைத் தூக்கிச் சுற்றினேன். (அவளுக்கு அது பிடிக்கவில்லை. பதின்மூன்று வயது.)

கடைசியாக ஒரு வெப்பப் பம்பி. துணி துவைக்கும் இயந்திரம் அளவான பெட்டி. ஒரு பக்கம் தடாகத் தண்ணீரைச் சூடாக்கும், மற்றப் பக்கத்தால் குளிர்காற்றைத் துப்பும். பழையது ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டினேன். அதன் பிறகு நான் மனிதனாக இல்லை. இருபத்தொன்று! இருபத்துமூன்று! இருபத்தைந்து! வேலையிலிருந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் ஓடிப்போய்க் கயிற்றில் கட்டிய வெப்பமானியைத் தூக்கிப் பார்ப்பேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரமும் நீங்கள் இவ்வளவு தரம் பாக்கேல்லை" என்றாள் சுகந்தி. ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மரங்களெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகின்றன, அவள் இருபத்தெட்டுப் பாகைத் தண்ணீரில் கையை விரித்துப் போகிறாள்! ஒரேயொரு குறை. கையும் தலையும் நீந்தின, இடது கால் மட்டும் நிலத்தில் தத்தித் தத்தி நடந்தது. அவளுக்கும் தெரியும். "காலை எடுக்கப் பயமாக் கிடக்கு" என்பாள். காலை எடுத்தால் என்ன நடக்கும் என்பது பயிற்சியாளருக்கும் தெரியாதே.

சோதனைக்கு ஒரு கிழமை இருந்தது. எனக்கோ தலை கால் தெரியாத பெருமை. அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச்சொல்லி எங்கள் குடும்ப நண்பர் சிவா அண்ணையையும் இன்னும் இரண்டு குடும்பங்களையும் அழைத்தேன். "குளிக்க வாங்கோ, ஒக்டோபரிலை!" என்றேன். வெள்ளிக்கிழமை பம்பியைக் கூடிய அளவுக்குத் திருகிவிட்டேன். விடிந்தபோது தண்ணீர் முப்பத்தொரு பாகை. வெளியே மூன்று பாகை.

பத்தரைக்கு நீச்சல் காற்சட்டையும் மேலே குளியல் அங்கியும் போட்டேன். விருந்தினர் வரும்போது இப்போதுதான் நீந்தி ஏறியவன்போல் இருக்க வேண்டுமே என்று குசினிக் குழாயில் தலையை நனைத்து, வழக்கமான பஞ்சையும் காதில் வைத்துக்கொண்டேன். பிறகு வெளியே போய்க் குமிழ்ப் போர்வையைப் பாதிவரை இழுத்து மடித்தேன்.

ஐயோ, அந்தக் காட்சி! தண்ணீரிலிருந்து வெள்ளை ஆவி குப்பென்று கிளம்பியது. வேலியைத் தாண்டி, கராஜைத் தாண்டி, கூரைக்கு மேலே எழுந்தது. பம்பி துப்பிய குளிர்காற்று அதை இன்னும் தடிப்பாக்கித் தெருப்பக்கம் தள்ளியது. "ஆரணி, ஓடி வாம்மா! வடிவைப் பார்!" என்று நான் துள்ளினேன்.

சற்று நேரத்தில் சைரன் கேட்டது. பாவம், யாருடைய வீட்டிலோ நெருப்பு என்று நினைத்து, புதினம் பார்க்க அங்கியோடு வாசலுக்குப் போனேன். இரண்டு சிவப்பு வண்டிகள் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தன. நான் நல்ல குடிமகனாக, தெரு முனைப்பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். வண்டிகள் என் முன்னால் நின்றன. தலைக்கவசம் போட்ட ஓர் அதிகாரி, உயரமான பெண், குதித்து இறங்கினாள்.

"நெருப்பு எங்கே?" என்றாள்.

"அதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன்" என்றேன்.

அவள் எனக்கு மேலே பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கூரைக்குப் பின்னால் வெள்ளை மலையொன்று எழுந்து நின்றது. நாயோடு நடக்கப் போன யாரோ பார்த்துவிட்டு அழைத்திருக்கிறார்கள்.

"அது நெருப்பல்ல, நீச்சல் தடாகம்!" என்று கத்திக்கொண்டு நான் முன்னால் ஓட, அதிகாரி பின்னால், அவளுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயோடு நாலு பேர், அவர்களுக்கும் பின்னால் அப்போதுதான் வந்திறங்கிய சிவா அண்ணை, கையில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் தட்டத்தோடு. "தம்பி, என்னடாப்பா, வீடு எரியுதோ?" வீட்டுக்குள்ளிருந்து சுகந்தி நீச்சல் உடையோடு ஓடிவந்தாள். வேலிக்கு மேலே ஹெர் லோமனின் தலை.

நான் மரத்தட்டில் ஏறினேன். இவ்வளவு பேர் முன்னால் நிரூபிக்க வேறு என்ன வேண்டும்? "பாருங்கள், முப்பத்தொன்று!" என்று வெப்பமானியைத் தூக்கக் குனிந்தேன். மரத்தட்டு ஈரம். கால் வழுக்கியது. நேரே குமிழ்ப் போர்வையின் மேல் விழுந்தேன். அது என்னைச் சுற்றி மடிந்தது. றோல்ஸுக்குள் வைத்த உருளைக்கிழங்குபோல் தண்ணீருக்குள் போனேன்.

அங்கி ஊறிக் கனத்தது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. ஒரு தடவை தலையை வெளியே எடுத்து, "ஐயோ! தாண்டுபோறன்! எனக்கு நீந்தத் தெரியாது!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன். பதினைந்து வருட இரகசியம் அப்படிப் போனது.

மற்றக் கரையில் ஏணிப்பக்கம் நின்ற சுகந்தி பாய்ந்தாள். கையை விரித்தாள், காலை அடித்தாள், ஆறு மீற்றரையும் ஒரே மூச்சில் கடந்து வந்து என் அங்கியின் கழுத்தைப் பிடித்தாள். நான் அவளையும் சேர்த்து இழுத்தேன்.

"ஷ்டேஹென் ஸீ ஔஃப்!" என்று அதிகாரி கத்தினாள். எனக்கு அந்த நேரம் ஜேர்மன் மொழி மறந்துவிட்டது.

"அப்பா!" ஆரணியின் குரல் வந்தது. "எழும்பி நில்லுங்கோ!"

எழும்பி நின்றேன்.

தண்ணீர் என் நெஞ்சுக்குக் கீழே நின்றது. பிறகு குழாய் பிடித்திருந்த தீயணைப்பு வீரன் ஒருவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. அதோடு எல்லோரும் வெடித்தார்கள்.

சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. திறந்த வாயோடு தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ" என்றாள். "நான் காலை ஊண்டேல்லை. ஒருக்காக்கூட ஊண்டேல்லை!"

"நல்ல நீச்சல்" என்றாள் அதிகாரி அவளிடம். பிறகு கையுறையைக் கழற்றித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, புருவத்தை உயர்த்தினாள். "அறிக்கையில் என்ன எழுதுவது? காரணம், சுடுதண்ணீரா?" சிவா அண்ணை அவர்களைச் சும்மா போக விடவில்லை. நாலு வீரர்களும் தோட்டத்தில் நின்றே றோல்ஸைத் தின்று தீர்த்தார்கள். ஹெர் லோமன் வீட்டுக்குள் போய் நீச்சல் காற்சட்டையோடு திரும்பி வந்து, "இறங்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார். பிற்பகல்வரை அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகுதான் சுகந்தி என் எதிரே வந்து நின்றாள்.

"பருத்தித்துறைக் கடல், என்ன?"

"ஓம்" என்றேன்.

"வள்ளத்துக்குப் போட்டியா, என்ன?"

நான் காதிலிருந்த பஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அடுத்த கிழமை சுகந்தி இருபத்தைந்து மீற்றரையும் நிற்காமல் நீந்தினாள். அடுத்த சான்றிதழையும் எடுத்து, இன்று பிள்ளைகளைத் தானே தண்ணீருக்குக் கூட்டிப்போகிறாள், நிரந்தர வேலையில். மறு வருடம் என்னை அதே வளர்ந்தோர் வகுப்பில் சேர்த்துவிட்டாள். இப்போது நானும் நீந்துவேன், வள்ளத்துக்குப் போட்டியாக இல்லாவிட்டாலும்.

ஆனால் அந்த இரண்டு சொற்கள் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. வரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்து நான் தலையில் கை வைத்தால், குசினியிலிருந்து சுகந்தி "எழும்பி நில்லுங்கோ!" என்பாள். பல்லுக்கு ஊசி போடும் முன் நான் நடுங்கினாலும் அதுதான். சிவா அண்ணை கலியாண வீடுகளில் முழுக்கதையையும் நடித்தே காட்டுகிறார், அவருடைய கதையில் தீயணைப்பு வண்டிகள் இப்போது ஐந்து.

போன மாதம் ஆரணி கார் ஓட்டும் சோதனையில் இரண்டாவது தடவையும் தவறிவிட்டாள். வீட்டுக்கு வந்தும் உள்ளே வராமல், வாசலில் நின்ற எங்கள் காருக்குள் ஏறியிருந்து அழுதுகொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியோடு போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இத்தனை வருடங்களாக மற்றவர்கள் எனக்குச் சொன்னதை முதல் தடவையாக நான் ஒருவருக்குச் சொன்னேன்.

"பிள்ளை, எழும்பி நில்லு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"காருக்குள்ளை எப்பிடியப்பா எழும்பி நிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள்.