எண்பத்தாறு சுக்கு மூட்டையும் ஒரு பச்சை டிக்கும்

என் லேப்டாப்பில் ஓடுவது உலகம் முழுக்க ஓடும் என்று நம்பிய காலம் எனக்கு உண்டு. (போன வருஷம்தான்.)

அப்பா ஜூ டவுனில் ஒரு சுக்கு கோடவுனில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி. "பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான்" என்று அவர் சொன்னதை நம்பி, மேனேஜர் ஜோஸ் சேட்டன் மூட்டை எடையைப் பதிந்து லேபிள் அடிக்கும் புரோகிராமை என்னிடம் விட்டார். வீட்டில் லினக்ஸில் எழுதினேன். அதன் பெருமையே அது சாகும் அழகுதான். 'நிறுத்து' என்று சிக்னல் வந்தால், எடைகளையெல்லாம் சேமித்துவிட்டுத்தான் உயிரை விடும். தினமும் மதியம் அதை நிறுத்தித் திரும்பக் கிளப்ப ஒரு காவல்காரப் புரோகிராம் வேறு. செத்த புரோகிராம் விட்டுப்போகும் எண்ணை அது பார்க்கும். மைனஸ் என்றால் கொலை, சிவப்பு. மற்றதெல்லாம் சுகமரணம், பச்சை டிக்.

கோடவுனில் இருந்தது விண்டோஸ். சோதித்தாயா என்று கேட்காதீர்கள். (மேதைகள் சோதிப்பதில்லை.)

முதல் நாள் மதியம் காவல்காரன் 'நிறுத்து' என்றான். என் சிக்னல் விண்டோஸில் போய்ச் சேரவே இல்லை. விண்டோஸ் நேராகப் புரோகிராமின் கழுத்தைத் திருகிவிட்டது. விட்டுப்போன எண் ஒன்று. ஒன்று மைனஸ் இல்லையே, பச்சை டிக் விழுந்தது. நான் அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். காலையில் எடை போட்டு, இன்னும் லேபிள் அடிக்காத எண்பத்தாறு மூட்டையின் கணக்கும் காற்றில்.

ஐந்து மணிக்குக் கண்டெய்னர். லேபிள் இல்லாமல் ஒரு மூட்டையும் ஏறாது. அடுக்கியதையெல்லாம் இறக்கி மறுபடி எடை போட வேண்டும். ஜோஸ் சேட்டன் என்னைத் திட்டவில்லை. அப்பாவைப் பார்த்து, "செல்வம், இதாணோ நின்றெ மோன்?" என்று மட்டும் கேட்டார். (இதுதானா உன் மகன் என்று.) அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

சட்டைக் கையை மடித்து மூட்டையில் கை வைத்தேன். யூனியன் லீடர் தடுத்தார்.

"கார்டு உண்டோ மோனே?"

இல்லை. யூனியன் கார்டு இல்லாதவன் மூட்டையைத் தூக்கக் கூடாது. (அதன் எடையை அழிக்கக் கார்டு வேண்டாம்.) அப்பாவும் நாலு பேரும் தூக்க, நான் எடையை நோட்டிலும் லேபிளிலும் கையால் எழுதினேன். எழுபதாவது மூட்டையில் அப்பா வாயைத் திறந்து, என்னடா ஆச்சு என்றார். என்ன நடந்தது என்று விளக்கினேன்.

"அப்போ நீ சொன்னது அதுக்குக் கேக்கவே இல்ல?"

"இல்லப்பா."

"செத்ததைப் பாத்தும் சுகமா இருக்குன்னு எழுதிச்சு?"

"ஆமாப்பா."

அப்பா அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

கண்டெய்னர் ஐந்தேகாலுக்குக் கிளம்பியது. ஜோஸ் சேட்டன் அப்பாவுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். என்னிடமிருந்து நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்க, அம்மா மூன்றாம் தடவை சாப்பிடக் கூப்பிட்டால், அப்பா தட்டிலிருந்து தலை தூக்காமல் சொல்வார்:

"அது விண்டோஸுடி. சொன்னா கேக்காது, ஒயரைப் புடுங்கு."

அம்மாவும் பிடுங்கிவிடுவாள்.